பின்சீற்றில் எழுபத்தைந்து கிலோ

டென்மார்க்கில் வைலே ஃபியோர்ட் கடற்கழியின் பாலத்தில் ஏறும்போது, பெப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் முற்பகலில், நிறோஷினி ஓட்டிக்கொண்டிருந்த காரின் உயிர் ஒன்றரை விநாடி போய்விட்டு வந்தது.

முன்னால் போன லொறியை முந்துவதற்காக இடப்பக்கத் தடத்துக்கு எடுத்து, நன்றாக மிதித்திருந்தாள். அந்த நேரம் பார்த்து முன்னாலிருந்த தகவல் திரைகள் எல்லாம் இருண்டன. ஸ்ரியறிங் இறுகிப்போனது. மிதித்த கால் மிதித்தபடியே இருந்தது, கார் மட்டும் இழுக்கவில்லை. பின்னுக்குப் பார்க்கும் கண்ணாடியில் ஒரு வெள்ளை வான் பெருத்துக்கொண்டே வந்தது. அதன் ஹோர்ன் சத்தம் காதில் விழுந்தபோது திரைகள் திரும்ப ஒளிர்ந்தன. கார் எதுவுமே நடவாததுபோல முன்னால் பாய்ந்தது.

பின்சீற்றில் இருந்த ஒலிவர் கையிலிருந்த தொலைபேசியைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“என்ன நடந்தது? காலை எடுத்துவிட்டீர்களா?”

“இல்லை,” என்றாள் நிறோஷினி. “கார்தான் கைவிட்டது.”

ஒலிவர் அந்தக் காரைச் செய்த இங்கிலாந்துக் கொம்பனியின் பொறியியலாளர். அந்தக் கொம்பனி தன் சரித்திரத்தில் முதல் தடவையாகப் பெற்றோல் இல்லாத கார் ஒன்றைச் செய்திருந்தது. உலகம் முழுவதிலும் முந்நூறு பேர்கூட வாங்க முடியாத கார். வாங்குபவர்கள் ஓட்டவும் மாட்டார்கள். ஓட்டுவதற்கு ஆள் வைத்துவிட்டுப் பின்னால் இருப்பார்கள். அதனால் அதன் அழகெல்லாம் பின்னால்தான். படுக்கைபோலச் சாயும் சீற், கால் தாங்கி, முதுகு பிடித்துவிடும் உருளைகள், ஓட்டுநருக்கும் முதலாளிக்கும் இடையில் எழும்பும் கண்ணாடி, சின்னக் குளிர்பெட்டி. வடிவம் வெளியே தெரியாமல் இருக்கக் கறுப்பும் வெள்ளையுமாய்ச் சுழிக் கோலம் போட்ட தாளை உடம்பெல்லாம் ஒட்டி, மூடிய லொறியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள்.

இறக்கிய இடம் கிரின்ஸ்டெட்டுக்கும் வைலேக்கும் நடுவில், வயல்வெளி ஓரத்தில் நிற்கும் ஒரு பரிசோதனைக்கூடம். மின்சார பஸ், மின்சாரக் குப்பை லொறி, மின்சாரப் படகு என்று எது வந்தாலும் அதைக் குளிரில் வைத்து, சூட்டில் வைத்து, ஓட்டி, உலுக்கி, சரி அல்லது பிழை என்று எழுதிக் கொடுப்பதுதான் அவர்களின் தொழில். நிறோஷினி அங்கே ஐந்து வருடங்களாகப் பரிசோதனைத் தொழில்நுட்பவியலாளர்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. மன்னாரில் பேசாலையில் பிறந்து, ஒன்பது வயதில் தாயோடு கிரின்ஸ்டெட்டுக்கு வந்தவள். பள்ளிக்கூடம் முடித்ததும் பிளாஸ்ரிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். பதினாறு வருடம் ஒரே இயந்திர வரிசையில் நின்றாள். இயந்திரம் நின்றுபோனால் மின்னியலாளர் வந்து இரும்புப் பெட்டியைத் திறப்பார். மற்றவர்கள் கோப்பி குடிக்கப் போய்விட, நிறோஷினி மட்டும் பக்கத்தில் நின்று உள்ளே பார்ப்பாள். ஒரு நாள் அந்த ஆள் வருவதற்கு இரண்டு மணித்தியாலம் என்றார்கள். எந்த றிலே சுவிச் போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தொட உரிமை இல்லை. வரிசை முழுவதும் இரண்டு மணித்தியாலம் சும்மா நின்றது.

அடுத்த கிழமையே தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதினாள். வகுப்பில் எல்லோருக்கும் பதினேழு, பதினெட்டு வயது. அவளுக்கு முப்பத்தாறு. முதல் பரீட்சையில் டெனிஷ் எழுத்துப் பிழைகளால் விழுந்தாள். திரும்ப எழுதினாள். நாலு வருடம் கழித்து மின்னியலாளர் சான்றிதழோடு வெளியே வந்தாள்.

பாலத்தில் நடந்ததன் மறுநாள் காலை, கூடத்தின் பொறுப்பாளர் கியர்ஸ்டன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கணினித் திரையில் இங்கிலாந்திலிருந்து வந்த வரைபடம் ஒன்று இருந்தது. காருக்குள் இருந்த பதிவுக்கருவி, ஓட்டத்தின் ஒவ்வொரு கணத்தையும் எழுதி வைத்திருந்தது. ஒலிவர் முதல்நாள் பின்னேரமே விமானம் ஏறிப் போய், அதைப் படித்துத் தன் முடிவையும் அனுப்பியிருந்தார்.

“அந்த ஒன்றரை விநாடியில் மிதிகட்டை பூச்சியம் என்று காட்டுகிறது,” என்றாள் கியர்ஸ்டன். “நீ காலை எடுத்திருக்கிறாய், அதனால் சக்தி குறைந்தது என்கிறார்கள். ஓட்டுநர் தவறு என்று எழுதி அறிக்கையை முடிக்கச் சொல்கிறார்கள். மூன்று கிழமையில் முதல் வாடிக்கையாளர்களுக்குக் காரைக் காட்டப்போகிறார்கள்.”

நிறோஷினி வரைபடத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

“வேகம் எவ்வளவு காட்டுகிறது, அதே இடத்தில்?”

கியர்ஸ்டன் விரலால் நகர்த்தினாள். “பூச்சியம்.”

“நூறு கிலோமீற்றர் வேகத்தில் போன கார் ஒன்றரை விநாடி நின்றுவிட்டுத் திரும்ப நூறில் போனதா? பதிவுக்கருவியே அந்த நேரம் செத்துப்போயிருக்கிறது. வேகத்தில் பொய் சொல்லும் கருவி என் காலில் மட்டும் உண்மை சொல்லுமா?”

கியர்ஸ்டன் வரைபடத்தை இன்னொரு தடவை நகர்த்திப் பார்த்தாள். அவளும் முன்பு பொறியியலாளராக வேலை செய்தவள்தான்.

“சரி. ஆனால் நீ சொல்வது ஊகம். அவர்களிடம் வரைபடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம். அதற்குள் திரும்ப நடத்திக் காட்டு. முடியாவிட்டால் அவர்கள் சொன்னபடிதான் அறிக்கை போகும்.”

“என் கையெழுத்து அதில் இருக்காது,” என்றாள் நிறோஷினி.

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பெயர் கெடப்போகிறதே என்பது ஒரு பக்கம். அதைவிட அந்த வெள்ளை வான்தான் கண்ணுக்குள் நின்றது. அதன் ஓட்டுநர் அரை விநாடி தாமதித்துப் பிரேக் அடித்திருந்தால்?

கூடத்துக்குச் சொந்தமாகப் பழைய விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. புதன்கிழமை முழுவதும் அங்கே ஓடினாள். பாலத்தில் இருந்ததுபோலவே எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தாள். பற்றரியில் அதே அளவு மின்சாரம், அதே குளிர், அதே வேகம், தடம் மாறும் அதே வெட்டு. பதிவுக்கருவி திரும்பவும் சாகக்கூடும் என்பதால், தனியான பற்றரியில் இயங்கும் அளவுகருவி ஒன்றையும் காரின் மின்கம்பியில் பொருத்தினாள்.

நாற்பத்தொரு தடவை ஓடினாள். நாற்பத்தொரு தடவையும் கார் சத்தமே இல்லாமல், குறையே இல்லாமல் ஓடியது.

அன்று தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன். வைலேத் தேவாலயத்தில் அவளும் கணவனும் மாலைப் பூசைக்குப் போய்விட்டு, நெற்றிச் சாம்பலோடு வீட்டுக்கு வந்தார்கள். கணவன் அல்பேட் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்பவன். சோற்றையும் பருப்பையும் மேசையில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

“நாப்பத்தொரு தரம் ஓடியும் ஒண்டும் நடக்கேல்லையே? உண்மையா உன்ரை கால்தான் வழுக்கியிருக்குமோ?”

“நீங்களும் அப்பிடித்தான் நினைக்கிறியளோ?”

“நான் கேக்கிறன். அவங்களும் இதைத்தானே கேக்கப்போறாங்கள்.”

நிறோஷினி சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள்.

“கால் வழுக்கினா திரை ஏன் இருண்டது? ஸ்ரியறிங் ஏன் இறுகினது? என்ரை காலுக்கும் அதுக்கும் என்ன தொடர்பு?”

“அப்ப என்ன செய்யப்போறாய்?”

“நாளைக்கும் ஓடுவன். என்னவோ ஒண்டை விட்டிட்டன். எதை எண்டுதான் தெரியேல்லை.”

அல்பேட் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் பருப்பை ஊற்றினான்.

வியாழக்கிழமை காலை, ஓடுதளத்துக்குப் போவதற்கு முன்னால், தன் குறிப்புக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு பாலத்தில் ஓடிய நாளையும் ஓடுதளத்தில் ஓடிய நாளையும் வரி வரியாக ஒப்பிட்டாள். வெப்பநிலை சரி. மின்சார அளவு சரி. ரயர் காற்று சரி. நிறை சரி. நிறை என்ற வரியில் அவள் கண் நின்றது. பாலத்தில் ஓடிய நாளின் குறிப்பில், பின்சீற்: 75 கிலோ என்று எழுதியிருந்தாள். ஓடுதளத்துக்குப் போனபோது அதைப் பார்த்து, எழுபத்தைந்து கிலோ மணல் மூட்டையைப் பின்சீற்றில் வைத்துப் பெல்ற் போட்டிருந்தாள்.

ஆனால் அந்த எழுபத்தைந்து கிலோ ஒலிவர். மணல் மூட்டைக்குக் கை இல்லை.

அவள் கதிரையை விட்டு எழும்பினாள்.

அந்தக் காரில் ஓடுவது இரண்டு வகை மின்சாரம். சக்கரத்தைச் சுழற்றுவது எழுநூறு வோல்ற்றுக்கு மேலான பெரிய மின்சாரம். விளக்கு, திரை, ஸ்ரியறிங், சீற் எல்லாவற்றையும் இயக்குவது பன்னிரண்டு வோல்ற் சின்ன மின்சாரம். பெரியதைத் திறந்துவிடும் சுவிச்சைப் பிடித்து வைத்திருப்பதும் அந்தச் சின்னதுதான். சின்னது ஒரு கணம் தளர்ந்தால் சுவிச் விட்டுவிடும். பெரியதும் போகும். பின்சீற்றில் இருப்பவர் எந்தப் பட்டனையாவது அமத்தும்போது அது தளர்கிறதா? இதுவரை எவரும் பார்க்கவில்லை. கொம்பனி அனுப்பிய பரிசோதனைத் திட்டத்திலும் எல்லா ஓட்டத்துக்கும் மணல் மூட்டைதான் எழுதியிருந்தது. பின்னால் இருப்பதற்கென்றே செய்த காரில், ஓடும்போது பின்னால் ஒரு மனிதரை இருத்திப் பார்க்கவே இல்லை.

இப்போது அவளுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மற்றத் தொழில்நுட்பவியலாளர்கள் பஸ் ஒன்றோடு குளிரறையில் இருந்தார்கள். இரகசியக் கார் என்பதால் கண்டவர்களையும் ஏற்ற முடியாது. இரகசியப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தவர்களின் பட்டியலைப் பார்த்தாள். கடைசிப் பெயர் விமலாதேவி.

விமலாதேவி கூடத்தைத் துப்புரவு செய்பவர். அறுபத்திரண்டு வயது, யாழ்ப்பாணத்துக்காரி. அப்போது கோப்பி அறையின் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, இண்டைக்கு எனக்கு ஒரு மணித்தியாலம் தருவியளோ?”

“எங்கை பிள்ளை துடைக்க வேணும்?”

“துடைக்கிறதில்லை. காரிலை இருக்க வேணும். அந்தக் கோலம் போட்ட காரிலை, பின்சீற்றிலை.”

விமலாதேவி தரை துடைக்கும் தடியைச் சுவரில் சாத்தினார். “உனக்கென்ன விசரே? அதிலை தூசு தட்டவே எனக்குப் பயம்.”

“பெல்ற்றும் ஹெல்மெற்றும் போட்டு, ஓடுதளத்திலை மட்டுந்தான். நான் ஓடேக்குள்ளை நீங்கள் பின்னாலை இருக்கிற பட்டனெல்லாம் அமத்த வேணும். அவ்வளவுதான்.”

“சப்பாத்தோடையே ஏறுறது?”

“சப்பாத்தோடைதான். வாங்குற ஆக்கள் கழட்டிப்போட்டே ஏறப்போயினம்?”

கியர்ஸ்டன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். தானே ஓடுதளத்துக்கு வந்து, விமலாதேவியின் பெல்ற்றைச் சரிபார்த்துக் கதவைச் சாத்தினாள். கதவு தானாகவே மெல்ல இழுத்துப் பூட்டிக்கொண்டது. “அட கடவுளே,” என்றார் விமலாதேவி.

முதல் ஓட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. எட்டாவது ஓட்டம் முடிந்ததும் நிறோஷினி காரை நிறுத்திப் பின்னுக்குத் திரும்பினாள்.

“அக்கா, என்னண்டு அமத்திறியள்?”

“முதல் சீற்றைச் சாய்ச்சன். அது சாஞ்சு முடிய, காலைத் தூக்கிற பட்டனை. அது முடிய, கண்ணாடி. ஒவ்வொண்டாத்தான். ஒண்டா அமத்தினா பழுதாப் போகாதே?”

“பழுதாப் போக வேணும் எண்டுதானே ஓடுறம்.”

“அதை முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை!”

ஒன்பதாவது ஓட்டம். எண்பதில் வந்து, மிதித்து, இடப்பக்கம் வெட்டும்போது நிறோஷினி, “இப்ப!” என்று கத்தினாள். விமலாதேவி இரண்டு கையாலும் அகப்பட்டதையெல்லாம் அமத்தினார்.

திரைகள் இருண்டன. ஸ்ரியறிங் இறுகியது. கார் இழுக்க மறுத்தது.

“ஐயோ! உடைச்சுப்போட்டனோ?” என்று பின்னால் விமலாதேவியின் குரல்.

திரைகள் ஒளிர்ந்தன. நிறோஷினி காரை ஓரமாக நிறுத்தி, அளவுகருவியைப் பார்த்தாள். பதின்மூன்று தசம் எட்டு வோல்ற்றிலிருந்து ஆறுக்கு விழுந்து எழும்பியிருந்தது. அவளுக்குக் கண் கலங்கியது. உடனே துடைத்துக்கொண்டு, கொப்பியில் நேரத்தையும் எண்ணையும் எழுதினாள்.

“உடைக்கேல்லை அக்கா. பிடிச்சிட்டம். இன்னும் பத்துத் தரம் ஓட வேணும். களைச்சுப்போனியளோ?”

“இருக்கிறதுக்கு என்ன களைப்பு? நீ ஓடு.”

பத்துத் தடவையில் ஆறு தடவை அது நடந்தது. மத்தியானத்துக்குள் காரணமும் தெளிவானது. எந்த மோட்டாரும் ஓடத் தொடங்கும் கணத்தில்தான் அதிக மின்சாரம் இழுக்கும். சீற், கால் தாங்கி, இடைக்கண்ணாடி ஆகிய மூன்றும் ஒரே கணத்தில் தொடங்கி, அதே கணத்தில் ஓட்டுநரும் ஸ்ரியறிங்கை வெட்டினால், சின்ன மின்சாரம் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம். பெரிய திரையில் ஒலிவரும் அவருடைய மேலாளரும் இருந்தார்கள். நிறோஷினி ஏழு வரைபடங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஆங்கிலம் அவளுக்கு மூன்றாவது மொழி. மெதுவாக, சின்னச் சின்ன வசனமாகப் பேசினாள்.

மேலாளர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார். “நல்ல வேலை. ஆனால் எங்கள் வாடிக்கையாளர் எவரும் குழந்தைப்பிள்ளை மாதிரி எல்லாப் பட்டனையும் ஒன்றாக அமத்த மாட்டார். பாலத்தில் நடந்தது வேறு, இது வேறு.”

நிறோஷினி ஒலிவரைப் பார்த்தாள்.

“ஒலிவர், பாலத்தில் ஏறும்போது நீங்கள் பின்னால் என்ன செய்தீர்கள்?”

மேலாளர் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“தொலைபேசி வந்தது,” என்றார் ஒலிவர். “மனைவியின் அழைப்பு. தனியாகப் பேசுவதற்காக இடைக்கண்ணாடியை ஏற்றினேன். முதுகு நொந்துகொண்டிருந்தது, சீற்றையும் சாய்த்தேன். படுக்கைப் பட்டனைத்தான் அமத்தினேன், அதில் சீற்றும் கால் தாங்கியும் ஒன்றாக அசையும்.” கொஞ்சம் நிறுத்தி, “மூன்றும் ஒன்றாகத்தான்,” என்றார்.

“கண்ணாடி முழுதாக எழும்பவில்லை,” என்றாள் நிறோஷினி. “நீங்கள் என்னிடம் கேட்டது எனக்குக் கேட்டதே.”

“ஓம். இடையில் நின்றுவிட்டது. நான் அதைக் கவனித்தேன். ஆனால் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.” அவர் நேராகக் கமராவைப் பார்த்தார். “ஓட்டுநர் காலை எடுத்தார் என்று எழுதியது நான். அது பிழை. அதை நானே திருத்தி எழுதுகிறேன்.”

மேலாளர் ஏதோ சொல்லப் போனார். கியர்ஸ்டன் இடைமறித்தாள். “எங்கள் முடிவு, கார் தேறவில்லை. இன்று பின்னேரம் எழுத்தில் வரும்.”

வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் நாள் ஏழு கிழமை தள்ளிப்போனது. ஏப்ரலில் கார் திரும்பி வந்தது. பின்பக்கத்து மோட்டார்களுக்கென்று தனிப் பற்றரியும் தனிக் கம்பியும் போட்டிருந்தார்கள். ஒலிவரும் கூடவே வந்து, நிறோஷினிக்குக் கை கொடுத்தார். திருத்திய அறிக்கையின் அச்சுப் பிரதியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதில் ஓட்டுநர் மிதிகட்டையிலிருந்து காலை எடுக்கவில்லை என்ற வசனம் தனிப் பந்தியாக இருந்தது.

நிறோஷினி நாலு நாள் ஓடினாள். இருநூற்றுப் பதினாறு ஓட்டம். விமலாதேவி பின்னால் இருந்து, சொல்லிக் கொடுக்காமலே புதிய புதிய விதமாக அமத்திப் பார்த்தார். குளிர்பெட்டியைத் திறந்துகொண்டு அமத்தினார். கண்ணாடியை ஏற்றி இறக்கி ஏற்றினார். முழங்கையாலும் அமத்தினார். திரை ஒரு தடவைகூட இமைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை வைலேப் பாலத்தில், நல்ல காற்றடிக்கும் நேரம், ஒலிவரைப் பின்னால் இருத்தி மூன்று தடவை போய்வந்தாள். கூடத்துக்குத் திரும்பியதும், தேறியது என்ற சொல்லுக்குக் கீழே தன் பெயரை எழுதி ஒப்பமிட்டாள்.

மே மாதத்தில் கியர்ஸ்டன் அவளிடம் புதிய வேலை ஒன்றைக் கொடுத்தாள். பயணி இருந்து பரிசோதிக்கும் முறையை, கூடத்தின் எல்லா வாகனங்களுக்கும் பொதுவான விதியாக எழுத வேண்டும். டெனிஷில் பதினொரு பக்கம் எழுதினாள். மகள் நிலக்சி ஓகூஸ் நகரத்திலிருந்து வந்திருந்தபோது வாசித்துப் பார்த்து, டெனிஷில், “அம்மா, இதில் ஆறு எழுத்துப் பிழை இருக்கிறது,” என்றாள்.

“ஆறுதானே? காட்டு, திருத்துறன்,” என்றாள் நிறோஷினி. திருத்திவிட்டு அன்றே அனுப்பினாள். அந்த விதியின்படி விமலாதேவிக்கு இப்போது வியாழக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் துப்புரவு வேலை இல்லை. பணிப்பட்டியலில் அந்த நேரத்துக்கு நேரே பரிசோதனைப் பயணி என்று எழுதியிருக்கிறது.

செப்ரெம்பரில் மின்சார அம்புலன்ஸ் ஒன்று வந்தது. நிறோஷினி பின்கதவைத் திறந்து, படுக்கையின் வார்களை இழுத்துப் பார்த்தாள். உயிர் காக்கும் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று பட்டியல் போட்டிருந்தாள். எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும் கணத்தைத்தான் முதலில் பார்க்கப்போகிறாள்.

“இதிலை நான் எங்கை இருக்கிறது?” என்று கேட்டார் விமலாதேவி.

“இருக்கிறதில்லை அக்கா. படுக்கிறது.”

விமலாதேவி ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு ஏறிப் படுத்தார். நிறோஷினி அவருக்கு வாரைக் கட்டி, இறுக்கம் சரியா என்று கேட்டுவிட்டு, முன்னால் போய் ஏறினாள்.